பழைய முத்துச்சரம்: கேளுங்க, சொல்றேன்

கோவையில் 35 வருஷமாக முத்துக் கோர்க்கிறேன். பழைய சரம் பற்றி எதுவானாலும் கேளுங்க. இரண்டே நிபந்தனை: படத்தைப் பார்த்து விலை சொல்ல மாட்டேன், முத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க.

கோபிசெட்டிபாளையம்: அண்ணா, 1958இல் எங்க அம்மிச்சி கல்யாணத்துக்கு அவங்க அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒற்றைச்சரம். நடுவில் பெரிசு, ஓரம் போகப்போகச் சிறிசு. தங்கக் கொக்கியில் ஹால்மார்க் இல்லைங்க. அசலா? என்ன பெறும்?

ஹால்மார்க்குக்குக் கவலைப்படாதீங்க அம்மணி. நம்ம நாட்டில் தங்கத்துக்கு அது வந்ததே 2000இல்தான். 'அசலா' என்பதில் மூன்று கேள்வி இருக்கு: கண்ணாடி மணியா, வளர்ப்பு முத்தா, இயற்கை முத்தா?

முன்பல்லில் லேசாக உரசிப் பாருங்க. முத்து நறநறக்கும், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழுக்கும். பல்லுக்கு அதோடு வேலை முடிஞ்சது; வளர்ப்பு முத்தும் நறநறக்கத்தான் செய்யும்.

அப்புறம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்கி, நல்ல வெளிச்சத்தில் துளை வாயைப் பாருங்க. ஜப்பான் வளர்ப்பு முத்துக்குள் மட்டி ஓட்டில் கடைந்து மனுசன் வைத்த குண்டு இருக்கும். சிப்பி அதன்மேல் பூசியது மெல்லிய தோல்தான். தோலும் குண்டும் சேருமிடத்தில் பல சமயம் கருப்பாக ஒரு கோடு தெரியும். இயற்கை முத்து வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உள்ளே போகும். அதை எடைக்கு விற்பதால் துளையையும் மயிரிழையாகத்தான் போடுவாங்க. தூளாகப் போனால் காசு போச்சே. ஆனாலும் முடிவான தீர்ப்பு எக்ஸ்ரேயில்தான். நகைக்கடைக் கேரட் மீட்டர் கொக்கியின் தங்கத்தைச் சொல்லும், முத்தைப் பற்றி வாய் திறக்காது.

விலைக்கு வருவோம். இயற்கை முத்தை கிரெயினில் நிறுப்பாங்க. நாலு கிரெயின் ஒரு கேரட்; இது எடைக் கேரட், தங்கத்தின் தரம் சொல்லும் கேரட் இல்லைங்க. பழைய வியாபாரக் கணக்கில் எடையை அதே எடையால் பெருக்கி, அதற்குத்தான் விலை வைப்பாங்க. நாலு கிரெயின் முத்துக்கு 16 பங்கு, இரண்டு கிரெயினுக்கு 4 பங்கு. எடை பாதி, விலை கால்வாசி. வளர்ப்பு முத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அளவு, மினுமினுப்பு, உருண்டை, தோலின் கனம், ஒன்றுக்கொன்று ஜோடி சேருவது, அவ்வளவுதான். துளையைப் பார்த்துட்டு எழுதுங்க.

பொள்ளாச்சி: படம் போட்டிருக்கேன். எவ்வளவு போகும்?

மேலே முதல் பத்தி.

ஈரோடு: மாமியார் கொடுத்த முத்து பழுப்பேறிடுச்சு. புளித்தண்ணியில் ஊறவைத்தால் வெளுக்குமா?

வெளுக்காது, கரையும். முத்து என்பது சுண்ணாம்புச் சத்து. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அதைத் தின்னும். போன தை மாசம் ஓர் அம்மா பித்தளைக் குடம் துலக்கற மாதிரி துலக்கின சரத்தைக் கொண்டுவந்தாங்க. கையில் எடுத்தால் விரலெல்லாம் வெள்ளைத் தூள். பளபளப்பு போனது போனதுதான். ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, துணியில் சுற்றி வையுங்க. பழுப்பு போகாது. வயசாச்சுங்க அதுக்கும்.

கரூர்: வளர்ப்பு முத்து போலிதானே?

இல்லை. குண்டை வைத்தது மனுசன், முத்தாக்கியது சிப்பி. 1973இல் தூத்துக்குடியில் நம்ம விஞ்ஞானிகளே செய்து காட்டிட்டாங்க. இயற்கை என்று சொல்லி விற்றால் அந்தப் பேச்சுதான் போலி.

சென்னிமலை: எங்க அப்பத்தா முத்து கொடுமணல் முத்துங்க, நொய்யலில் எடுத்தது. பதிற்றுப்பத்திலேயே இருக்கு. இதற்கு எக்ஸ்ரே எதுக்கு?

நல்லா மாட்டினீங்க. நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். கொடுமணலில் தோண்டி எடுத்தது கல் மணிகளும் அதைச் செய்த பட்டறைகளும்: பளிங்கு, சூதுபவளம் என்கிற சிவப்புக்கல், பச்சைக்கல். பச்சைக்கல் கிடைத்த படியூர் பக்கத்திலேயே இருக்கு. பதிற்றுப்பத்து 74ஆம் பாட்டை நிதானமாகப் படிங்க. வேலைப்பாடான நகைக்குக் கொடுமணம், அதாவது நம்ம கொடுமணல்; முத்துக்குப் பந்தர் என்கிற ஊர் என்று புலவரே பிரித்து வைத்திருக்கார்.

சென்னிமலை: ஆற்று மட்டியில் முத்தே வராதுங்களா?

வரும், ஒத்துக்கிறேன். ஆனால் அறுபது முத்து, ஒரே நிறம், ஒரே உருண்டை, நொய்யல் மட்டியில் கிடைத்தது என்றால் உங்க அப்பத்தா எத்தனை ஆயிரம் மட்டியைப் பிளந்தாங்க?

காங்கயம்: அண்ணா, அவரை விடுங்க. யானைத் தந்தத்திலும் முத்து இருக்காமே?

தந்தத்துக்குள் முத்துச்சிப்பியா இருக்கு? கொண்டுவந்து காட்டினால் ஓசியில் கோர்த்துத் தர்றேன்.

சென்னிமலை: அப்போ பந்தர் எங்கே இருக்குது?

அது தனிச் சண்டைங்க. புலவர்களிடம் கேளுங்க, என்னிடம் நூல் கேளுங்க.

தாராபுரம்: இரண்டு படம் போட்டிருக்கேன், தோராயமாகவாவது...

மறுபடியுமா!

கோபி: அண்ணா, பார்த்தேன். நாலு முத்தில் துளைக்குள் கருப்பாகக் கோடு தெரியுதுங்க. நூலும் இற்றுப்போச்சு.

அப்போ அநேகமாக ஜப்பான் வளர்ப்பு. 1958க்குப் பொருத்தம்தான். கொக்கி எடைக்குத் தங்க விலை கிடைக்கும், முத்துக்கு அதிகம் எதிர்பார்க்காதீங்க. விற்கிறதா இருந்தாலும் போட்டுக்கிறதா இருந்தாலும் முதலில் நூலை மாற்றணும். ஒவ்வொரு முத்துக்கு நடுவிலும் முடிச்சு போடச் சொல்லுங்க. அறுந்தாலும் ஒன்றுதான் உருளும். அதுவரை கழுத்தில் போடாதீங்க.

கோபி: விற்கலைங்க. பொண்ணு கல்யாணத்துக்கு.

கொண்டு வாங்க. புளியைக் காட்டாமல்.