ஏர் இன்டேக் மாத்தினா நிஜமாவே 15 ஹெச்பி கூடுமா? கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா, என்கிட்ட முதல் ஜெனரேஷன் டொயோட்டா 86 இருக்கு, 2 லிட்டர், டர்போ இல்ல, எஞ்சின்ல இதுவரைக்கும் எதையும் தொடல. கோல்ட் ஏர் இன்டேக் கிட் (எஞ்சினுக்கு வெளியிலேருந்து குளிர்ந்த காத்த இழுக்கற பைப்பும் ஃபில்டரும்) ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், டப்பா மேலயே 15 ஹெச்பி கூடும்னு போட்டிருக்கு, அதையே போட்ட ஃப்ரெண்டும் வண்டி பறக்குதுன்னு சொல்றான். வாங்கிடவா? எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தற ட்யூனிங் கண்டிப்பா பண்ணணுமா?

பதில்: தம்பி, அவசரப்படாதீங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு அளந்து பாருங்க, இப்ப இருக்கற ஏர் பாக்ஸ் (ஏர் ஃபில்டர் உக்காந்திருக்கற டப்பா) எஞ்சினோட மூச்ச எவ்வளவு அடைக்குதுன்னு. உங்க எஞ்சின் 7000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 7000 லிட்டர் காத்து குடிக்கும், அவ்வளவு காத்தும் ஃபில்டரையும் பைப்பையும் தாண்டித்தான் உள்ள வரணும், வர்ற வழியில கொஞ்சம் அழுத்தம் குறையும். அந்த குறையற அளவத்தான் புது கிட்டால திருப்பித் தர முடியும், அதுக்கு மேல அதுக்கு எங்கேருந்து வரும்?

கடல் மட்டத்துல காத்தழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஃபுல் த்ராட்டில்ல (ஆக்சிலரேட்டர முழுசா மிதிக்கறப்போ) ஃபில்டருக்கும், காத்த எஞ்சினுக்குள்ள விடற த்ராட்டில் பாடிக்கும் நடுவுல 2 கிலோபாஸ்கல் குறையுதுன்னு வைங்க, அது ரெண்டு சதவீதம். உங்க வண்டி 200 ஹெச்பி, அப்ப அடைப்பு மொத்தமா போனாலும் 4 ஹெச்பி சுமாருக்குத்தான் வரும், அடைப்பே இல்லாத இன்டேக்னு ஒண்ணு கிடையவும் கிடையாது. 15 வரணும்னா 7 கிலோபாஸ்கலுக்கு மேல அடைச்சிருக்கணும், ஃபில்டர் சுத்தமா இருக்கற கம்பெனி பாக்ஸ் அவ்வளவு அடைக்கறது ரொம்ப அபூர்வம். இத அளக்க பெரிய செலவும் இல்ல, குறைஞ்ச அழுத்தம் காட்டற ஒரு வாக்வம் கேஜ், கொஞ்சம் ட்யூப் இருந்தா போதும். ஆனா ரோட்ல பண்ணாதீங்க, டைனோலயோ (சக்கரத்த உருளை மேல சுத்த விட்டு பவர் அளக்கற மெஷின்) ட்ராக்லயோ பக்கத்துல ஒருத்தர் கேஜ பாத்துச் சொல்ல நீங்க ஓட்டுங்க.

அடுத்தது சூடு. இதுக்கு ஓபிடி ரீடர் (எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்றத படிக்கற சின்ன கருவி) ஒண்ண மாட்டி ஃபோன்ல இன்டேக் ஏர் டெம்பரேச்சர் பாருங்க, வண்டி நல்லா ஓடிட்டு இருக்கும்போது அது வெளிக்காத்து சூட்ட விட அஞ்சாறு டிகிரிதான் கூடன்னா உங்க கம்பெனி இன்டேக்கே ஏற்கனவே கோல்ட் ஏர் இன்டேக்தான். உங்க வண்டியில காத்து முன்னாடி க்ரில் பக்கத்துலேருந்துதான் வருது, அதனால அங்க பெருசா மிச்சம் இருக்கும்னு எனக்குத் தோணல. பலபேர் என்ன பண்றாங்கன்னா பாக்ஸ தூக்கிப் போட்டுட்டு பானட்டுக்குள்ள திறந்தவெளியில ஒரு கோன் ஃபில்டர் மாட்டறாங்க, அது எஞ்சின் சூட்டையே உறிஞ்சும். 30 டிகிரி காத்து 60 டிகிரி ஆனா அடர்த்தி 9 சதவீதம் குறையும், அடைப்ப எடுத்து கிடைச்சத விட பல மடங்கு அங்கயே போயிடும். கிட்டுல ஃபில்டர சுத்தி மூடின பாக்ஸ் இல்லன்னா தொடவே தொடாதீங்க.

உங்க ஃப்ரெண்டு பொய் சொல்லல. கம்பெனி பாக்ஸ்ல சத்தத்த அமுக்கறதுக்குன்னே தனி அறைங்க இருக்கு, அத எடுத்துட்டா உறிஞ்சற சத்தம் அப்படியே காதுக்கு வரும், வேகம் கூடின மாதிரி இருக்கும். அந்த சத்தம் பிடிக்கும்ங்கறது டொயோட்டாவுக்கும் தெரியும், அதனாலதான் 86ல இன்டேக் சத்தத்த கேபினுக்குள்ள கொண்டுவர ஒரு தனி ட்யூபே வச்சிருக்காங்க. சத்தத்துக்காக வாங்கறேன்னு சொன்னீங்கன்னா நான் தடுக்க மாட்டேன், அது நியாயமான ஆசை.

ட்யூனிங் பத்தி கேட்டீங்க. உங்க வண்டியில ஏர்ஃப்ளோ சென்சார் காத்தோட வேகத்த வச்சு அளவ கணக்கு போடுது, அது உக்காந்திருக்கற பைப்போட உள்விட்டம் 70 மிமீலேருந்து 75 ஆனா பரப்பு 15 சதவீதம் கூடிடும், அதே காத்து மெதுவா போகும், ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) காத்து கம்மின்னு நினைச்சு பெட்ரோலையும் கம்மியா விடும். மெதுவா ஓட்டறப்போ ஆக்சிஜன் சென்சார் சரிபண்ணிக்கும், ஆனா ஃபுல் த்ராட்டில்ல அந்த காவல் சரியா இருக்காது, லீன் ஆகி (காத்துக்கு பெட்ரோல் பத்தாம போயி) நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிச்சு எஞ்சின் தட்டறது) வர்றது அப்படித்தான். அதனால சென்சார் இடம் கம்பெனி அளவுலயே இருக்கற கிட்டா பாருங்க, மாட்டினதும் ஃப்யூவல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோல எவ்வளவு கூட்டி குறைச்சு சரிபண்ணுதுங்கற கணக்கு) பாருங்க, பத்து சதவீதத்துக்கு மேல ப்ளஸ்ல நின்னா ட்யூன் பண்ணாம விரட்டாதீங்க.

இன்னொன்னு, இந்த வண்டியில 4000 ஆர்பிஎம் சுமாருக்கு டார்க் (இழுக்கற சக்தி) குறைஞ்சு தொங்கும், நீங்களும் கவனிச்சிருப்பீங்க. நிறைய பேர் அதுக்காகத்தான் இன்டேக் தேடறாங்க, ஆனா வெறும் இன்டேக் அத நிரப்பாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (சிலிண்டர்லேருந்து புகைய வெளிய கொண்டுவர்ற பைப்புங்க) ட்யூனும் சேர்ந்தாத்தான் அங்க வித்தியாசம் தெரியும், காச சேர்த்து வச்சு அதுக்கு போடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

கேள்வி: விக்கறவங்க டைனோ க்ராஃப் காட்டறாங்களே, அத நம்பலாமா?

பதில்: பானட் திறந்திருந்துதா மூடியிருந்துதான்னு முதல்ல கேளுங்க. திறந்து வச்சு முன்னாடி பெரிய ஃபேன் போட்டா எந்த கோன் ஃபில்டரும் நல்லாத்தான் தெரியும். முன்னாடியும் பின்னாடியும் ஒரே நாள், ஒரே டைனோ, குறைஞ்சது மூணு மூணு ரன் இருக்கணும். உச்சத்துல நிக்கற ஒரு நம்பர மட்டும் பாக்காம நடு ஆர்பிஎம்ல கோடு கீழ இறங்கியிருக்கான்னு பாருங்க, நீங்க தினமும் ஓட்டறது அங்கதான்.

கேள்வி: எண்ணெய் தடவற காட்டன் ஃபில்டர் நல்லதா? பம்பருக்குள்ள கீழ வைக்கற டைப் ஒண்ணும் பாத்தேன்.

பதில்: காட்டன் ஃபில்டர் கழுவி கழுவி போடலாம், அது வசதி. ஆனா எண்ணெய் அதிகமா தடவினா அது சென்சார் கம்பியில படிஞ்சு ரீடிங் கெடும், தூசி அதிகமான இடத்துல ஓட்டறவங்களுக்கு நல்ல பேப்பர் ஃபில்டர்தான் என் ஓட்டு. வாங்கறதுன்னா ஐஎஸ்ஓ 5011 (ஏர் ஃபில்டர சோதிக்கற சர்வதேச தரம்) டெஸ்ட் ரிசல்ட் குடுக்கறாங்களான்னு கேளுங்க, தூசி எவ்வளவு பிடிக்குது, காத்த எவ்வளவு அடைக்குதுன்னு ரெண்டும் அதுல இருக்கும்.

கீழ வைக்கற டைப் வேண்டாம் தம்பி. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் தேங்கின தண்ணியில விட்டாரு, ஃபில்டர் முங்கி தண்ணி சிலிண்டருக்குள்ள போயிடுச்சு, தண்ணி காத்து மாதிரி அமுங்காதே, கனெக்டிங் ராடு வளைஞ்சு எஞ்சினையே பிரிக்க வேண்டியதா போச்சு. எந்த டைப் வாங்கினாலும் பழைய ஏர் பாக்ஸ தூக்கிப் போடாதீங்க, விக்கும்போது கேப்பாங்க, வாரண்டில ஏதாவது பிரச்சனைன்னு வண்டிய விடும்போதும் அது தேவைப்படும்.