வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில் – ஒயில் சம்பைத் தின்னும் கறள்

கேள்வி: அப்பா ஓடிய டொயோட்டா ஹைஏஸ் டீசல் வான், ஊரில் டொல்பின் என்று சொல்வோமே, அதுதான் இப்போது என்னிடம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கிறேன். காலையில் வானை எடுத்தால் மணலில் கறுப்புப் பொட்டுகள் கிடக்கின்றன. எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சட்டியான சம்ப் கறள் பிடித்துவிட்டது, வெல்டிங் பிடிக்கலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். தார் பூசினால் போதும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது, ஐயா?
– இளைஞர் ஒருவர், நிலாவெளி

பதில்: தம்பி, இரண்டையும் செய்ய வேண்டாம்.

வெல்டிங்கைப் பற்றி முதலில் சொல்கிறேன், அது உயிரோடு விளையாடுகிற வேலை. ஒயிலை முழுவதும் வடித்தாலும் சம்பின் உட்சுவரில் ஒயில் படிந்திருக்கும், எஞ்சினுக்குள் அதன் ஆவியும் நிற்கும். வானிலேயே வைத்து நெருப்புக் காட்டினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கழற்றிக் கழுவி மேசையில் வைத்துச் செய்தாலும் பயனில்லை. புதிதாக இருக்கும்போதே சம்ப் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர் தகடுதான். அதில் பாதியைக் கறள் தின்ற பிறகு வெல்டிங் குச்சி தொட்ட இடமெல்லாம் உருகி, ஓட்டைதான் பெரிதாகும்.

தார் பூசுவது வேறு விதமான கேடு. கறளுக்குள் இருக்கும் உப்பையும் ஈரத்தையும் உள்ளேயே வைத்து மூடிவிடுகிறீர்கள். வெளியே கறுப்பாக, புதிதுபோலத் தெரியும். உள்ளே தகடு கரைந்துகொண்டே இருக்கும்.

ஆனால் செலவு செய்வதற்கு முன், ஒழுகுவது சம்ப்தானா என்று பாருங்கள். டெப்பட் கவர் எனும் எஞ்சின் மேல்மூடியின் பக்கிங்கிலிருந்தோ ஒயில் ஃபில்டரிலிருந்தோ கசியும் ஒயிலும் வழிந்து வந்து சம்பின் அடியில்தான் சொட்டும். எஞ்சின் ஆறிய பிறகு வானைத் தூக்கி ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே நுழையாதீர்கள். சம்பையும் அதற்கு மேலுள்ள பகுதியையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, காயவிட்டு, மெல்லியதாக முகப்பவுடர் தூவுங்கள். பிறகு ஊருக்குள் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து டோர்ச் அடித்துப் பார்த்தால், ஒயில் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைப் பவுடரே காட்டிவிடும்.

சம்ப்தான் என்றால், ஒயில் வடிக்கும் போல்டைச் சுற்றியும் கீழ் மூலைகளிலும் கவனமாகப் பாருங்கள். பெயின்ட் கொப்புளித்திருக்கும். நகத்தால் கீறினால் அப்பளம்போல அடுக்கடுக்காக உரியும். உரிந்த இடத்தைக் கம்பி பிரஷால் தேய்க்கும்போது மினுங்குகிற இரும்பு தெரிந்தால் சம்ப் பிழைத்தது, பெயின்ட் வேலையோடு போகும். குழி குழியாக இருந்து, குழிக்குள் புழுதியைப் பிடித்துக்கொண்டு ஒயில் கசிந்தால் மாற்றத்தான் வேண்டும். உங்கள் வான் மணலில் பொட்டு வைக்கத் தொடங்கிவிட்டது என்பதால் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எபொக்சிப் பசை வைத்து அடைக்கலாமா என்று கேட்பீர்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர அது உதவும். அதை நம்பிப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஹபரணைக் காட்டு வீதியில் ஓடக்கூடாது.

மாற்றும் நாள்வரை தினமும் காலையில் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஓடும்போது ஒயில் விளக்கு எரிந்தால், அடுத்த சந்திவரை போகலாம் என்று எண்ணாமல் அங்கேயே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சம்பின் விலை ஒன்று, பேரிங்குகள் போன எஞ்சினைத் திருத்தும் செலவு வேறொன்று.

சம்பைக் கழற்றிய அன்று மெக்கானிக்குக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளே ஒயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை இருக்கும். அதைக் கழுவச் சொல்லுங்கள். எஞ்சினின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய சிலிக்கனை, அதாவது ஒயில் கசியாமல் அடைக்கும் பசையை, முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். புதிய சிலிக்கனை மெல்லிய கோடாகத்தான் வைக்க வேண்டும். தாராளமாகப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. மிஞ்சியது உட்பக்கமாகப் பிதுங்கி, உதிர்ந்து, அந்த வலையில் போய் அடைத்துக்கொள்ளும். சட்டி நிறைய ஒயில் இருந்தும் எஞ்சின் வறண்டு போகும். சம்பைச் சுற்றியுள்ளவை சிறிய போல்டுகள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாறி மாறி, அளவாக இறுக்கினால் போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் விளிம்பு வளைந்து, புதுச் சம்பும் ஒழுகும். சிலிக்கன் குழாயில் எழுதியிருக்கும் நேரம்வரை காயவிட்டுத்தான் ஒயில் ஊற்ற வேண்டும்.

புதிய சம்பைப் பூட்டுவதற்கு முன்பே வெளிப்பக்கம் பெயின்ட் அடித்துவிடுங்கள். ஒயில் பசை போகக் கழுவி, லேசாகத் தேய்த்து, எபொக்சி பிரைமர் ஒரு பூச்சு, அது காய்ந்த பிறகு எனாமல் இரண்டு பூச்சு. விளிம்பில் சிலிக்கன் பிடிக்கும் முகத்தில் மட்டும் பெயின்ட் படக்கூடாது. தப்பிய பழைய சம்புக்கும் இதே வேலைதான். கம்பி பிரஷுக்குப் பிறகு, பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றி ஒரு கை பூசிக்கொண்டால் நல்லது. இதையெல்லாம் ஆவணி, புரட்டாசியில் முடித்துவிடுங்கள். வாடை தொடங்கிய பிறகு இரும்பு காய்ந்ததுபோலத் தெரியும், ஆனால் காய்ந்திருக்காது.

இனி, உங்கள் பக்கத்தில் கறள் ஏன் இத்தனை வேகமாகப் பிடிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழையே இல்லாத இரவிலும் சம்பில் படிந்த உப்பு நனைந்துதான் இருக்கும். கடற்கரை மணலில் வானை இறக்கினால் அன்றே அடியைக் கழுவுங்கள். கழுவுகிற தண்ணீரை முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். கரையோரக் கிணறுகள் பல உவராகிவிட்டன, உவர் தண்ணீரில் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம். குழாய்த் தண்ணீர்தான் நல்லது. சம்புக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் சேறு அப்பிக் கிடக்கும், அங்கே விரலை விட்டு எடுக்க வேண்டும். இரவில் வெறும் மணலில் நிறுத்தாமல் சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, இருக்கிற வாகனத்தைக் காப்பாற்றுவதன் அருமை நம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மீண்டும் இறக்குமதி தொடங்கியும் புதிய வானின் விலை உங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டுவதாக இல்லை. உங்கள் அப்பாவின் வான் இன்னும் நெடுங்காலம் ஓடக்கூடியது. சம்பை மாற்றுங்கள்.

கேள்வி: கொட்பே துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் லொறி வைத்திருக்கிறோம். கறளுக்குப் பயந்து அடிப்பகுதி முழுவதும் கழிவு ஒயில் அடிக்கிறோம். சரியா?
– வாசகர், திருகோணமலை

பதில்: கறள் கொஞ்சம் தள்ளிப்போகும் என்பது உண்மை. ஆனாலும் நான் விட்டுவிடச் சொல்வேன். கழிவு ஒயில் புஷ் ரப்பர்களை ஊதவைக்கும், சைலன்சரில் பட்டால் புகைந்து தீப்பிடிக்கவும் கூடும். அதை நாள்தோறும் கையில் அளைகிறவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. மழை பெய்தால் அத்தனையும் வழிந்து நீங்கள் மீன் பிடிக்கிற கடலுக்கே போகிறது. அடிப்பகுதிக்கென்றே விற்கும் மெழுகுப் பூச்சு வாங்கி, வாடைக்கு முன் அடியுங்கள்.

உங்கள் லொறியில் உண்மையான எதிரி மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர். உப்பும் மீன் கழிவும் கலந்த அந்தத் தண்ணீர் சட்டத்தில் வழிந்து சம்புவரை வருகிறது. பெட்டியின் வடிகாலில் ரப்பர் குழாய் மாட்டி, சட்டத்தில் படாதபடி ஒரு கலனில் விழச் செய்யுங்கள். கலனைக் கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டுங்கள். எந்தப் பூச்சையும்விட இது பலன் தரும்.

கேள்வி: என் காரின் சம்ப் அலுமினியம் என்றார்கள். நான் கவலைப்படத் தேவையில்லைதானே?
– ஆசிரியை ஒருவர், உப்புவெளி

பதில்: சகோதரி, பல ஜப்பானியக் கார்களில் மேல் பாதி அலுமினியம், கீழே போல்ட் போட்டுப் பூட்டியிருக்கும் சட்டி இரும்புத் தகடு. ஒரு சிறு காந்தத்தைக் கீழ்ச் சட்டியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் மேலே தம்பிக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். ஒட்டாவிட்டாலும், வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியத்தையும் உப்பு அரிக்கும், அது சிவக்காது, வெளுக்கும். ஒயில் மாற்றும்போது வடிகால் போல்டுக்குப் புதிய வாஷர் போடச் சொல்லுங்கள், நீண்ட ஸ்பானர் போட்டு இறுக்க விடாதீர்கள். அலுமினியத்தில் மரை கழன்றால் திருத்துவது பெரிய வேலை.