மறு: பட்டிமன்றத்துக்கு 2022க்கு முந்தைய உதாரணம்

சீனாவுக்கு மேம்பட்ட கம்ப்யூட்டர் சிப்களை விற்க அமெரிக்கா 2022இல் போட்ட தடையை மட்டும் வைத்துப் பேசினால் செய்தி வாசிப்பது போல இருக்கிறது, பழைய உதாரணம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஜப்பானை எடுங்கள். 1980களின் பிற்பாதியில் உலகச் சிப் சந்தையில் பாதியளவு அவர்கள் கையில். சிப்களை அடிமட்ட விலைக்கு விற்கக் கூடாது, வெளிநாட்டுச் சிப்புக்கும் சந்தையைத் திறக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்துக்கு 1986இல் அமெரிக்கா அவர்களை இணங்க வைத்தது. அதை மீறியதாகச் சொல்லி 1987இல் ஜப்பானிய கம்ப்யூட்டர், கலர் டிவி போன்றவற்றுக்கு 100 சதவீத வரி.

சரி, பலன் யாருக்கு? மெமரி சிப்பில் தென் கொரியாவின் சாம்சங் முந்தியது. தைவானிலோ அதே 1987இல் அரசுப் பணத்தோடு சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி பிறந்தது. தடை போடும் நாட்டுக்கே பலன் என்று வாதாடும் எதிரணியை மடக்க இது போதும்.

அப்புறம், ஜப்பானின் சரிவுக்கு வரி மட்டுமே காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். டாலர் மதிப்பைக் குறைக்க அமெரிக்கா, ஜப்பான் உள்ளிட்ட ஐந்து நாடுகள் செய்த 1985 பிளாசா ஒப்பந்தத்துக்குப் பின், ஜப்பானிய நாணயமான யென் மதிப்பு ஏறி அவர்கள் ஏற்றுமதிக்கு விலை கூடியதை நடுவர் கேட்பார்.