நாலு பேருக்கும் கால் வீக்கம், ஆனால் நாலும் ஒரே வீக்கமா?

கடலூர் முதுநகரிலிருந்து நர்சிங் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அக்கா, நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாவது செமஸ்டர். பேத்தோபிசியாலஜியை, அதாவது நோய் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்ற பாடத்தை, மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடுகிறேன், ஆனால் வார்டுக்குப் போனால் ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது. போன வாரம் மேடம் கால் வீங்கிய நாலு பேரைக் காட்டினார். படுத்தால் மூச்சு வாங்கும் மீனவர் ஒருவர், காலையில் முகம் வீங்கும் 18 வயதுப் பையன், வயிறு பெருத்த 40 வயதுக்காரர், ஒரு கால் மட்டும் வருஷக்கணக்காக வீங்கியிருக்கும் பாட்டி. ஒவ்வொருவருக்கும் ஏன் வீங்குகிறது என்று கேட்டார். நாலுக்கும் ‘ஃப்ளூயிட் ரிடென்ஷன்’ என்றே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இதை எப்படித்தான் படிப்பது? பரீட்சையிலும் எப்படி எழுதுவது?”

தங்கச்சி, நீ சொன்னது தப்பில்லை, பாதியில் நின்றுவிட்டது. நீர் தேங்கியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறதே, அது எந்த வழியாக வெளியே வந்தது, ஏன் திரும்பிப் போகவில்லை என்பதுதான் மேடம் கேட்டது. நோய்க்கு நோய் தனித்தனியாகப் படிக்காதே. நீர் போகும் வழியை ஒரு தடவை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் அந்த நாலு பேரும் தானாகப் பிரிந்து நிற்பார்கள்.

முதலில் அந்த வழி. ரத்தம் மிக நுண்ணிய குழாய்களில், அதாவது கேப்பிலரிகளில் ஓடும்போது உள்ளேயிருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளும், அதற்குப் பெயர் ஹைட்ரோஸ்டேட்டிக் பிரஷர், தமனிப் பக்கம் சுமார் 35 மி.மீ. பாதரசம், சிரைப் பக்கம் சுமார் 15 என்று பாடப்புத்தகம் சொல்லும். ரத்தத்திலிருக்கும் புரதங்கள், முக்கியமாக ஆல்புமின், நீரை உள்ளேயே இழுத்துப் பிடிக்கும், அது ஆன்காட்டிக் பிரஷர், சுமார் 25. தள்ளுவதும் இழுப்பதும் போக வெளியே மிஞ்சும் நீரையும் கசிந்த புரதத்தையும் நிணநீர்க் குழாய்கள் வாரிக்கொண்டுபோய்த் திரும்ப ரத்தத்தில் சேர்க்கும். 1896-ல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் சொன்ன கணக்கு இது. வெளியே போகும் நீரில் பெரும்பகுதி சிரைப் பக்கமாகவே திரும்பிவிடும் என்று அப்போது நினைத்தார்கள், இப்போது பெரும்பாலான திசுக்களில் நிணநீர்தான் அந்த வேலையைச் செய்கிறது என்கிறார்கள், ஆனாலும் நோயாளியின் பக்கத்தில் நின்று யோசிக்கப் பழைய கணக்கே போதும்.

ஆக வீக்கம் வர நாலே வழிதான்: உள்ளேயிருந்து தள்ளுவது கூடிவிட்டது, இழுத்துப் பிடிக்கும் புரதம் குறைந்துவிட்டது, குழாயின் சுவரே ஒழுகுகிறது, வடிகால் அடைத்துவிட்டது. இவற்றுக்கு மேலே ஐந்தாவதாக ஒரு ஆள் இருக்கிறார், அவர் சிறுநீரகம், அவரிடம் பிறகு வருகிறேன்.

மீனவரைப் பார். நீ கடலூர்க்காரி, இது உனக்குச் சட்டென்று புரியும். நல்ல மழையில் கெடிலத்தில் வெள்ளம் வரும்போது கடலும் ஏறியிருந்தால் என்ன ஆகும்? ஆற்று நீர் முகத்துவாரத்தில் இறங்காமல் எதிர்த்து நிற்கும், ஆறு நிரம்பும், அப்புறம் வாய்க்கால்கள் நிரம்பும், கடைசியில் தாழ்வான தெருவில் தண்ணீர் நிற்கும். அந்தத் தெருவில் எந்தக் கோளாறும் இல்லை, கோளாறு முகத்துவாரத்தில். வலது இதயம் வந்த ரத்தத்தை வாங்கித் தள்ள முடியாமல் திணறும்போது இதே கதைதான்: சிரைகள் நிரம்புகின்றன, கழுத்துச் சிரை புடைக்கிறது, கல்லீரல் வீங்கி விலா எலும்புக்குக் கீழே கனக்கிறது, கேப்பிலரியின் சிரைப் பக்கத்தில் அழுத்தம் ஏறி நீர் வெளியே தள்ளப்படுகிறது, தாழ்வான தெரு எதுவோ அங்கே, அதாவது கணுக்காலில் தேங்குகிறது. இடது இதயம் திணறினால் பின்னால் நிரம்புவது நுரையீரல். இந்த மனிதருக்கு இரண்டும் இருக்கிறது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் அவர் படுத்ததும் மெல்ல ரத்தத்துக்குத் திரும்பும், ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு அது கூடுதல் சுமை, அதனால்தான் நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார். கால் வீக்கத்தையும் இரவு மூச்சு வாங்குவதையும் இரண்டு அறிகுறிகளாக எழுதி வைத்திருப்பாய், இரண்டும் ஒரே நீர்தான்.

இப்போது அந்த ஐந்தாவது ஆள். சிறுநீரகத்துக்குக் கண் கிடையாது, உடம்பு முழுக்க நீர் நிற்பது அதற்குத் தெரியாது, தன்னிடம் வரும் ரத்த ஓட்டம் ஒன்றுதான் தெரியும். இதயம் பலவீனப்பட்டு ஓட்டம் குறைந்ததும் ‘உடம்பு வறண்டுவிட்டது, உப்பையும் நீரையும் பிடித்து வை’ என்று ரெனினை விடுகிறது, அது ஆஞ்சியோடென்சின், அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களாகத் தொடர்ந்து, வெளியேற வேண்டிய உப்பு திரும்ப உள்ளே வருகிறது, உப்பின் பின்னால் நீரும் வருகிறது. வாந்திபேதியில் ரத்த அழுத்தம் விழாமல் நம்மைக் காப்பாற்றுவதும் இதே ஏற்பாடுதான். உடம்பு தன்னைக் காப்பாற்றச் செய்யும் அந்த வேலையே இங்கே நோயை முற்ற வைக்கிறது. பேத்தோபிசியாலஜி முழுக்க இப்படிப்பட்ட இடங்கள் வரும், வரும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று படி.

இது புரிந்துவிட்டால் நர்சிங் வேலை தானாக வரும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே எடை மெஷினில், அதே அளவு உடுப்போடு எடை பார்க்கச் சொல்கிறோமே, ஒரு கிலோ கூடினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம் என்பதால்தான். பெரியவர்களுக்கு இரண்டு மூன்று லிட்டர் தேங்கிய பிறகுதான் விரலால் அழுத்தினால் குழி விழும், எடை அதற்கு முன்பே சொல்லிவிடும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும், வீட்டுக்குப் போகும்போது அவர் மனைவியிடமும் இதைச் சொல்லி அனுப்பு. அப்புறம் கருவாடு. ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது, அப்படியானால் வெளியேறாமல் நிற்கும் ஒவ்வொரு 9 கிராம் உப்பும் சுமார் ஒரு லிட்டர் நீரைக் கூடவே நிறுத்திக்கொள்ளும். ‘உப்பைக் குறைங்கய்யா’ என்று பொதுவாகச் சொன்னால் ‘சரிம்மா’ என்று தலையாட்டிவிட்டுப் போவார், ஏனென்றால் அவர் மனசில் உப்பு என்பது குழம்பில் போடுவது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று பெயர் சொல்லிக் கேள், பதில் வேறு மாதிரி வரும். இன்னொன்று, கால் வீங்கியிருக்கிறதே என்று, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது காலைத் தூக்கி வைத்துவிடாதே, அந்த நீர் இதயத்துக்குத்தான் திரும்பும். உட்காரவைத்து முதுகுக்குச் சாய்மானம் கொடு, கால் தொங்கட்டும்.

18 வயதுப் பையனுக்கு இதயம் நன்றாக இருக்கிறது, மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குவதில்லை என்பதைக் கவனித்தாயா? அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி, சிறுநீர் நுரைக்கிறதா என்பது. சிறுநீரக வடிகட்டி ஓட்டையாகி ஒரு நாளைக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் சிறுநீரில் போனால் அது நெஃப்ரோட்டிக் அளவு. கல்லீரல் எவ்வளவு தயாரித்தாலும் ஈடுகட்ட முடியாமல் ரத்த ஆல்புமின் விழுகிறது (சாதாரணமாக டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம்), இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை, நீர் எல்லாத் திசுக்களிலும் இறங்குகிறது. கண்ணைச் சுற்றியுள்ள திசு தளர்வானது, இரவில் படுத்திருக்கும்போது அங்கே சேர்ந்து காலையில் முகம் உப்பி, நடமாட ஆரம்பித்ததும் மெல்லக் காலுக்கு இறங்கும். ஆல்புமின் குறைவு மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதே, கெட்டுப்போன சிறுநீரகம் தானாகவே உப்பைப் பிடித்து வைப்பதும் இதில் பெரிய பங்கு.

வயிறு பெருத்தவருக்குக் கல்லீரல் சுருங்கித் தழும்பாகிவிட்டது, சிரோசிஸ். இங்கே முகத்துவாரம் இதயத்தில் இல்லை, கல்லீரலில். குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையின் ரத்தம் அதைத் தாண்ட முடியாமல் எதிர்த்து நிற்பதால் நீர் முதலில் வயிற்றில்தான் சேரும், கால் பெரும்பாலும் அப்புறம்தான். ஆல்புமின் தயாரிக்கும் தொழிற்சாலையும் அதே கல்லீரல்தான் என்பதால் இழுக்கும் சக்தியும் குறைகிறது. கூடவே குடல் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிந்து அங்கே ரத்தம் தங்குவதால் சிறுநீரகம் மறுபடி ஏமாந்து அல்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது. அவர் சார்ட்டில் ஸ்பைரனோலாக்டோன் ஏன் இருக்கிறது என்று இப்போது உனக்கே தெரியும், அது அல்டோஸ்டிரோனைத் தடுக்கும் மாத்திரை. வயிற்று நீரை 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் ஆல்புமின் ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் ரத்தக் குழாயிலிருக்கும் நீரும் வயிற்றுக்குப் போய் பி.பி. விழும். நீர் எடுத்த பிறகு அவர் பி.பி.யையும் சிறுநீர் அளவையும் விடாமல் பார்ப்பது உன் வேலை.

நடுவில் ஒன்று சொல்லவேண்டும். நான் மாணவியாக இருந்தபோது, மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு அம்மாவின் கீழ்க்காலின் முன்பக்க எலும்பை அழுத்திப் பார்த்துவிட்டு, குழி விழவில்லை, வீக்கம் இல்லை என்று எழுதினேன். மறுநாள் சீனியர் சிஸ்டர் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து இடுப்புக்குக் கீழே, முதுகுத்தண்டு முடியும் இடத்தில் அழுத்தினார், விரல் அரை அங்குலம் உள்ளே போனது. படுத்திருப்பவருக்குத் தாழ்வான தெரு கால் இல்லை, முதுகின் அடிப்பகுதி. ஈரம் கோத்த அந்தத் தோலில் படுக்கைப்புண் வர அதிக நாள் ஆகாது, அந்த அம்மாவுக்கு வந்தது. அந்த நாளை இன்றைக்கும் மறக்கவில்லை. படுத்திருப்பவரைப் புரட்டாமல் ‘எடிமா (நீர் வீக்கம்) இல்லை’ என்று ஒருபோதும் எழுதாதே.

சரி, பாட்டி. ஒரு கால் மட்டும் என்று கேட்டதுமே உன் மனசு மாறவேண்டும், ஏனென்றால் இதயமும் சிறுநீரகமும் ஈரலும் உடம்புக்குப் பொது, அவற்றின் வீக்கம் பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். ஒரே காலில் என்றால் கோளாறு அந்தக் காலிலேயே. நேற்று இன்று திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் ஆழ்சிரையில் ரத்தக்கட்டியா என்று முதலில் சந்தேகப்படு, எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது, கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். சிவந்து சுட்டுக் காய்ச்சலோடு வந்தால் தொற்று, கண்ணாடி விரியன் கடித்தும் வீங்கும், இந்த இரண்டும் சுவர் ஒழுகும் வகை. பாட்டிக்கு வருஷக்கணக்கு, அழுத்தினால் குழி விழாது, தோல் தடித்து மடிப்பு விழுந்திருக்கும். அது வடிகால் அடைபட்ட யானைக்கால். நம் கடலோரத்துக்குப் பழைய நோய் இது. புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய கொசுவழி நோய் ஆராய்ச்சி மையம் 1980-களின் முதல் பாதியில் அந்த ஊரில் பெரிய அளவில் க்யூலெக்ஸ் கொசு ஒழிப்பு நடத்தியதே இதற்காகத்தான். அந்தக் கொசு பரப்பும் புழு நிணநீர்க் குழாய்க்குள் குடியிருந்து அதை விரித்துவிடுகிறது, வால்வுகள் வேலை செய்யாமல் போகின்றன, நீரோடு புரதமும் வெளியே தங்கிவிடுகிறது. ஆரம்பத்தில் குழி விழும், ராத்திரி காலைத் தூக்கி வைத்தால் வடியும். தேங்கிய புரதமும் அடிக்கடி வரும் பாக்டீரியா தொற்றும் சேர்ந்து திசுவை நாராக இறுக்கிய பிறகுதான் குழி விழாத கட்டத்துக்கு வருகிறது. அதனால் லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரை கொடுத்தாலும் வடியாது, இவருக்கு மருந்தைவிட உன் கைதான் பெரிது: தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, வெடிப்பு இருந்தால் மருந்து போட்டு, காலைத் தூக்கி வைத்து, செருப்பில்லாமல் நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வது. ஒவ்வொரு குளிர்காய்ச்சலும் காலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கும், காய்ச்சல் வருவது அந்த விரல் இடுக்குப் புண் வழியாகத்தான்.

ஓ.பி.யில் இன்னொரு வகையும் பார்ப்பாய், பி.பி.க்கு அம்லோடிபின் சாப்பிடுபவர், இரண்டு கணுக்காலும் வீங்கியிருக்கும், மூச்சு வாங்காது, சிறுநீர் நுரைக்காது. மருந்து தமனிப் பக்கத்தை விரிக்கிறது, சிரைப் பக்கத்தை அவ்வளவாக விரிப்பதில்லை, நடுவில் கேப்பிலரியில் அழுத்தம் ஏறுகிறது. நீர் மாத்திரையால் பெரிய பலன் இருக்காது, ஆனால் மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் போகச் சொல்.

பரீட்சையைப் பற்றிக் கேட்டாய். புதிய பாடத்திட்டத்தில் அடல்ட் ஹெல்த் நர்சிங்கோடு பேத்தோபிசியாலஜியைச் சேர்த்தே வைத்திருப்பது நல்ல காரியம், நீயும் அப்படியே எழுது. காரணத்திலிருந்து அறிகுறி வரை அம்புக்குறி போட்டுக்கொண்டே வா, ஒவ்வொரு அம்புக்குப் பக்கத்திலும் நர்ஸ் அங்கே எதைப் பார்ப்பாள், என்ன செய்வாள் என்று ஒரு வரி. ‘சிரை அழுத்தம் ஏறுகிறது’ என்ற இடத்தில் கழுத்துச் சிரை, ‘உப்பும் நீரும் தங்குகிறது’ என்ற இடத்தில் தினசரி எடை, உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் குறிக்கும் இன்டேக் அவுட்புட் சார்ட். ஒரு அம்புக்குப் பக்கத்தில் எழுத ஒன்றும் வரவில்லை என்றால் அந்த இடம் உனக்கு இன்னும் புரியவில்லை, புத்தகத்தை அங்கே திற. இந்த நாலு பேருக்கும் நாலு தாளில் வரைந்து அடுத்த போஸ்டிங்குக்குக் கொண்டுபோய் மேடத்திடம் காட்டு.