மூட்டுத் தேய்மானத்துக்கான மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நான் சேர்ந்திருக்கிறேன். வலது முழங்காலில் தேய்மானம். மூட்டுக்குள் போடும் ஊசி மருந்துக்கான ஆய்வு, ஆறு மாதம்.

எல்லாரும் ஊசியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என் உயிரை வாங்கியது அதற்கு முந்தைய வாரம். வழக்கமாகப் போடும் வலி மாத்திரைகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பழைய மாத்திரையின் தயவில் கால் நடந்தால், புது மருந்து என்ன செய்தது என்று எப்படித் தெரியும்? தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் மட்டும் போடலாம், அதையும் எண்ணி எழுதிவைக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் படி இறங்கினேன். இதில் ஒரு வேடிக்கை, வலி குறைவாக இருந்தால் ஆய்வில் சேர்க்கவே மாட்டார்கள். 'இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும்' என்று வேண்டிக்கொண்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்தது வலி டைரி. தினமும் இரவு 0 முதல் 10க்குள் ஒரு எண் போட வேண்டும். நேற்று 6. இன்றும் அதே வலிதான், ஆனால் மனசு நன்றாக இருக்கிறது, அப்போது 5ஆ? நர்ஸிடம் கேட்டால், "உங்களுக்கு என்ன தோணுதோ அதைப் போடுங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. எரிச்சலாக இருக்கும். அவர் எடுத்துக் கொடுத்தால் அது அவருடைய எண்ணாகிவிடும் என்பது பிறகுதான் உறைத்தது.

ஊசி போட்ட அன்று சிரிஞ்சைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது, உள்ளே இருப்பதன் நிறம் தெரியக் கூடாதாம். மருந்தா வெறும் உப்புநீரா என்று எனக்கும் தெரியாது, என்னைப் பரிசோதித்த டாக்டருக்கும் தெரியாது. மூன்றாம் வாரம் ஜோராக நடந்தேன். 'மருந்துதான் கிடைத்திருக்கிறது' என்று வீட்டில் அடித்துச் சொன்னேன். எல்லாம் முடிந்து பல மாதம் கழித்துத் தகவல் வந்தது: உப்புநீர்!

முழங்கால் விஷயத்தில், மருந்தே இல்லாமல் இப்படி வலி குறைவது சகஜமாம். 2002ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில் 180 பேரில் சிலருக்கு ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) செய்து மூட்டைச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டார்கள். இரண்டு வருடம் பார்த்தும் வலியில் வித்தியாசம் இல்லை. எனவே உப்புநீர் கிடைத்தால் மனம் ஒடிந்துபோகும் என்றால், சேராதீர்கள்.

சேருவதாக இருந்தால் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, நடுவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியைச் சும்மா சொல்லவில்லை. டனெசுமாப் என்ற மருந்து வலியைக் குறைத்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகக் கெட்டது. 2021ல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். உங்களுடையது தேய்மானம் இல்லாமல் முடக்குவாதம் என்றால், இப்போது போடும் மெத்தோட்ரெக்ஸேட் தொடருமா என்பதை முதலில் கேளுங்கள். சும்மா விட்டால் மூட்டு அரித்துக்கொண்டே போகும். பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், யாரும் தடுக்க முடியாது.

எனக்கு இப்போது இடது முழங்காலும் முனக ஆரம்பித்திருக்கிறது. இன்னொரு ஆய்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இந்த முறை வீட்டில் எதையும் அடித்துச் சொல்வதாக இல்லை.