ஆர்ச் வரை தார், அப்புறம் குழி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏற்காடு அடிவாரம் பக்கம் எங்கள் ஊர். ஊருக்குள் வரும் பஞ்சாயத்து ரோட்டின் ரெண்டு பக்கமும் மனைப்பிரிவு போட்டுவிட்டார்கள். டிப்பர் லாரி ஓடி ஓடி ரோடு பெயர்ந்துபோய், ஸ்கூல் வேன்கூட உள்ளே வர மாட்டேன் என்கிறது. புரமோட்டரைக் கேட்டால், "உள்ளே ரோடு போட்டு எழுதிக் கொடுத்தாச்சு, வெளி ரோடு என் வேலை இல்லை" என்கிறார். பஞ்சாயத்தில் நிதி இல்லை என்கிறார்கள். மனை போட்டவர்களிடமே பணம் வாங்கி ரோடு போட முடியாதா?
– ஒரு வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: முடியும் அம்மா. ஆனால் எந்த வழியில் வாங்குகிறோம், யார் கணக்கில் வாங்குகிறோம் என்பதை முதலிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்.

புரமோட்டர் சொல்வது சட்டப்படி பொய் இல்லை. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கும் மனைப்பிரிவில், உள்ளே போடுகிற ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கென்று விட வேண்டும். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 59வது பிரிவில் வளர்ச்சிக் கட்டணமும் உண்டு. இவ்வளவும் கொடுத்துவிட்டுத்தான் அவர் ஆர்ச் கட்டி, கலர் கொடி நட்டு விற்கிறார். அந்த வளர்ச்சிக் கட்டணம் உங்கள் ஊர் ரோட்டுக்கென்று தனியாக எடுத்து வைக்கப்படுவதில்லை, அங்கேதான் சிக்கலே. ஆர்ச்சுக்கு உள்ளே முப்பது அடி ரோடு கறுகறுவென்று இருக்கும். அது பஞ்சாயத்து ரோட்டில் சேருகிற இடத்தில் அரை அடி பள்ளம், வண்டியின் முன்சக்கரம் டொம்மென்று இறங்கும். மனை வாங்கினவரும் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

இப்போதைக்குக் கையில் இருக்கும் நேர்வழி நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரப்பு கட்டினால் மிச்சத்தை அரசு போடும். தனியாளும் கட்டலாம், நிறுவனமும் கட்டலாம். உங்கள் ரோட்டில் மனை போட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்த ஒரு பங்கைப் பிரித்துக்கொண்டால் ஒருத்தர் தலையிலும் பெரிதாக விழாது, ரோடு நன்றாக இருந்தால் அவர்கள் மனையும் சீக்கிரம் விற்கும், அதைச் சொல்லியே பேசுங்கள். ரோட்டுக்கு மதிப்பீடு போட்டுத் தரச்சொல்லி ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுங்கள். கூடவே அடுத்த கிராம சபையில், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி நாள்களில் எது முதலில் வருகிறதோ அதில், தீர்மானம் போட வையுங்கள்.

பணத்தை யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க விடாதீர்கள். வரைவோலையாக, உள்ளாட்சிக் கணக்கில், ரசீதோடு. "நானே ரெண்டு லோடு கொட்டி சமன் பண்ணித் தர்றேன்" என்று வருவார்கள், அதை ஏற்காதீர்கள். அடிவாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மலைத் தண்ணீர் மொத்தமும் ரோட்டில்தான் இறங்கும். பக்கத்தில் வடிகால் இல்லாமல் தார் மட்டும் போட்டால் ஒரு மழைக்குத் தாங்காது. மதிப்பீட்டில் வடிகால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. அடுத்து வரப்போகும் மனைப்பிரிவுக்கு இறுதி அனுமதி கொடுப்பதற்கு முன்புதான் உள்ளாட்சியின் பேச்சுக்கு மதிப்பு. அனுமதி போன பிறகு கெஞ்ச வேண்டியதுதான்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே வீடு கட்டும் கம்பெனிதான் ரோட்டுக்கும் பணம் கொடுக்குமாமே, உண்மையா?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: உண்மைதான் ஐயா. 1990 திட்டமிடல் சட்டத்தின் 106வது பிரிவில், அனுமதி கொடுக்கும்போதே கவுன்சில் ஒப்பந்தம் போட்டுவிடும்: இந்தச் சந்திப்புக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு என்று. கேட்கும் பணம் அந்தக் கட்டுமானத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டதாக, அதன் அளவுக்கு நியாயமானதாக இருக்க வேண்டும், கண்டபடி கேட்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் பொது ரோட்டை மாற்றிக் கட்டுவதற்கு 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தில் 278வது பிரிவு தனியாக இருக்கிறது. முதல் கேள்வியில் வந்த ஆர்ச் வாசல் விவகாரமெல்லாம் அங்கே அதில் அடங்கிவிடும். 2010 முதல் சதுர மீட்டர் கணக்கில் ஒரு வரியும் வந்தது. அதை எல்லாக் கவுன்சிலும் வாங்குவதில்லை, ஆனால் வாங்குகிற இடத்தில் 15 சதவீதம் அந்த ஊரின் பாரிஷ் கவுன்சிலுக்கே (நம் ஊராட்சி மாதிரி) போகும், ஊர் தனக்கென்று ஒரு வளர்ச்சித் திட்டம் நிறைவேற்றி வைத்திருந்தால் 25 சதவீதம்.

எனக்கு இதில் மனதுக்குப் பிடித்தது அந்த 15 சதவீதம்தான். எந்த ஊர் தூசியைத் தின்கிறதோ அந்த ஊருக்குப் பங்கு. வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஆண்டுதோறும் கவுன்சில் அறிக்கையும் வெளியிட வேண்டும். நம் சட்டத்தில் 59வது பிரிவுப் பணத்துக்கு இந்த ரெண்டையும் சேர்த்தால் போதும், புது வரியே வேண்டாம் என்பது என் கருத்து. அதுவரை பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: எங்கள் ஊர் மனைப்பிரிவுகளிலிருந்து வாங்கியது எவ்வளவு, எதற்குச் செலவானது? 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டில் வில்லாவும் ரிசார்ட்டுமாகக் கட்டுகிறார்கள். சனி ஞாயிறு மலைப்பாதையில் வண்டி நகர மாட்டேன் என்கிறது. அவர்களிடமே பணம் வாங்கி ரோட்டை அகலப்படுத்தினால் என்ன?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: பணம் வாங்கலாம், அகலப்படுத்த மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றது நினைவிருக்கும். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள சரிவை இன்னும் வெட்டினால் மழைக்காலத்தில் என்ன ஆகும்? வாங்குகிற பணத்தைத் தடுப்புச் சுவருக்கும், தண்ணீர் குறுக்கே போகும் பாலங்களுக்கும், கீழே வண்டியை விட்டுவிட்டு மேலே வர கூடுதல் பஸ்ஸுக்கும் போடுங்கள். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் ஊர் ஏற்காடு. புதிதாகக் கட்டுபவர் அனுமதிக்கு வரும்போதே இதைக் கேட்க அங்கே வாய்ப்பு இருக்கிறது.