மதிப்பெண் யாரைக் கேள்வி கேட்க வேண்டும்?

கேள்வி: எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வினாத்தாள், ஒரே அளவில் மதிப்பெண் என்று நடத்தும் தேர்வுகளால் நன்மை உண்டா? அவற்றை அடியோடு ஒழித்துவிட்டு, மதிப்பிடும் பொறுப்பை வகுப்பாசிரியரிடமே விட்டால் என்ன?

பதில்: ஒழிக்கக் கூடாது. தேர்வுப் பித்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஆசிரியரின் மதிப்பீடு மட்டுமே இருக்கும் இடத்தில், சரளமாகப் பேசுகிற, படித்த வீட்டுப் பிள்ளை பளிச்சென்று தெரியும். வாய் திறக்கத் தயங்கும் பிள்ளையின் அறிவு கண்ணில் படாமலே போகலாம். நல்ல மனசுள்ள ஆசிரியருக்கும் இது நேரும். பெயர் மறைத்த விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. இந்த ஒரு பாதுகாப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜெர்மனியைப் பாருங்கள். தங்கள் பள்ளிகள் உயர்ந்தவை என்று நம்பியிருந்த நாடு. 2000-இல் பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடந்த பீசா தேர்வின் முடிவு 2001 டிசம்பரில் வந்தபோது, ஜெர்மன் மாணவர்கள் சராசரிக்கும் கீழே இருந்தார்கள். குடும்பப் பின்னணி பிள்ளைகளின் படிப்பை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதும் அம்பலமானது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே நாடு முழுமைக்கும் பொதுவான கல்வித் தர வரையறைகள் வந்தன, முழுநாள் பள்ளிகள் பெருகின. அந்தத் தேர்வில் எந்தப் பிள்ளையும் தோற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மாதிரியாகச் சிலர் எழுதினார்கள். பதில் சொல்ல வேண்டியிருந்தது அரசு.

அமெரிக்கா இதைத் தலைகீழாகச் செய்தது. 2002-இல் வந்த சட்டப்படி 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு. இலக்கை எட்டாத பள்ளிமேல் நடவடிக்கை. தேர்வில் வராத பாடங்களுக்கான நேரம் பல பள்ளிகளில் சுருங்கியது. அட்லாண்டாவில் ஆசிரியர்களே தவறான விடைகளை அழித்துச் சரியானதைக் குறித்தார்கள். 2011-இல் வெளியான மாநில விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் தலைமையாசிரியர்கள் உட்பட 178 பேரைக் குறிப்பிட்டது. அவர்கள் செய்தது குற்றம். அதைவிட என்னை வதைப்பது வேறொன்று: வாசிக்கத் திணறிய பிள்ளைகள் தாளில் தேறிவிட்டதால், அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் உதவி கிடைக்காமல் போனது.

பிரான்சில் உளவியலாளர் ஆல்பிரட் பினே 1905-இல் தன் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியதே, தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காணத்தான். அதிலிருந்து எவ்வளவு தூரம் விலகி வந்துவிட்டோம்!

பிள்ளைகள் தாங்களே ஒரு பரிசோதனையைச் செய்து பார்ப்பதையோ, பிறரோடு சேர்ந்து யோசிப்பதையோ, ஒரு நல்ல கேள்வி கேட்பதையோ இந்தத் தாள்கள் அளப்பதில்லை; அந்த மதிப்பீடு ஆசிரியரிடமே இருக்கட்டும். பொதுத் தாளும் இருக்கட்டும். அதன் முடிவு, பிள்ளை அதே வகுப்பில் இருக்கும்போதே ஆசிரியர் கைக்கு வரட்டும். ஆசிரியரின் சம்பளத்தையும் பள்ளியின் தரவரிசையையும் அதோடு முடிச்சுப் போடாதீர்கள். மதிப்பெண் குறைந்த பள்ளிக்கு முதலில் போக வேண்டியது இன்னும் இரண்டு ஆசிரியர்கள், விசாரணைக் கடிதம் அல்ல.